"எங்களைப் பற்றியும் எழுதுவீர்களா?" - வாசகர் கேள்வி பதில்

மலையகத்தில் சிறு தொழில் செய்பவர்களும் எழுதுபவர்களும் நம் இதழில் இடம்பெற விரும்பினால் தொடர்பு கொள்ளுங்கள் என்று போன இதழின் ஒரு மூலையில் நாலு வரி போட்டிருந்தோம். கடிதங்கள், வட்ஸ்அப் செய்திகள், ஒரு போத்தல் மாசிச் சம்பல் (மாசிக் கருவாடு போட்ட சம்பல்), இரண்டு பெக்கட் தேயிலை, கோபமான ஒரு தொலைபேசி அழைப்பு எல்லாம் வந்து சேர்ந்தன. போத்தல் காலி. மற்றவற்றுக்குப் பதில் கீழே. பக்கங்களுக்கு எது போகும், எது போகாது என்று முதலில் பார்ப்பவள் நான்தான் என்பதால் இந்த மாதக் கேள்வி பதிலும் என் மேசைக்கே வந்துவிட்டது. எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: வீட்டில் மாசிச் சம்பல், மிளகாய்த்தூள், தேசிக்காய் ஊறுகாய் செய்து விற்கிறேன். "எங்கள் தரமான தயாரிப்புகளைப் பற்றி உங்கள் இதழில் எழுதவும்" என்று பல தடவை வட்ஸ்அப் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. சின்ன ஆட்கள் என்றால் பதில் சொல்ல மாட்டீர்களா?
- வாசகி, தலவாக்கலை

பதில்: நீல டிக் என்னுடையதுதான், அக்கா. சின்ன ஆள், பெரிய ஆள் என்று பார்த்து விட்டதில்லை. உங்கள் செய்தியில் நான் பிடித்துக்கொள்ள ஒரு நுனிகூட இருக்கவில்லை. தரமான, சுவையான, சுகாதாரமான, கலப்படமற்ற என்ற சொற்கள் கேக் செய்பவர், கோழிப்பண்ணை வைத்திருப்பவர், அழகு நிலையம் நடத்துபவர் என்று எல்லாரிடமிருந்தும் வருகின்றன. ("கலப்படமற்ற அழகு நிலையம்" என்றும் ஒருமுறை வந்தது.) அவற்றை வைத்துக்கொண்டு என்னால் இரண்டாவது வரி எழுத முடியாது.

பிறகு நீங்கள் போத்தலை அனுப்பினீர்கள், நன்றி சொல்ல நான் அழைத்தேன். அந்தப் பேச்சில் போகிற போக்கில் நீங்கள் சொன்னது முழுக்கவே கட்டுரை. மகன் கொழும்பில், புறக்கோட்டையில் துணிக்கடையில் நிற்கிறார். கடைப் பிள்ளைகள் எல்லாரும் ஓர் அறையில். இராத்திரிக்குக் கடைச் சோறு, அதன் கறியை வாயில் வைக்க முடியாது. தீபாவளிக்கு வந்துவிட்டுத் திரும்பியவர் கையில் ஒரு போத்தல் சம்பலைக் கொடுத்துவிட்டீர்கள். அது அறையிலிருந்த எல்லாருக்குமாக இரண்டே நாளில் முடிந்து, மற்றப் பிள்ளைகளின் அம்மாமார் பொகவந்தலாவையிலிருந்தும் பூண்டுலோயாவிலிருந்தும் உங்களை அழைத்துக் கேட்கத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் செய்த சம்பல் பஸ்ஸில் எண்ணெய் கசிந்து ஒரு பிள்ளையின் வெள்ளைச் சட்டையைக் கெடுத்துவிட்டது. அதற்குப் பிறகு வெங்காயத்தை மெல்லிய தீயில் மொறுமொறுவென்று பொரித்து, எண்ணெயை நன்றாக வடியவிட்டு, அப்புறம்தான் மாசியும் மிளகாயும் சேர்க்கிறீர்கள். கொழும்புச் சூட்டில் கெட்டுப்போகும் என்று தேங்காய் பக்கமே போவதில்லை.

நம் இதழை வாசிக்கிற தோட்டத்து அம்மாமாரில் எத்தனை பேருக்குக் கொழும்பில் பிள்ளை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் பொருளின் தரத்தைப் பற்றி அவர்கள் வாசிக்க மாட்டார்கள். தங்கள் பிள்ளை இராத்திரிக்கு என்ன சாப்பிடுகிறது என்பதைப் பற்றி வாசிப்பார்கள். அந்த இடத்தில்தான் உங்கள் போத்தல் கட்டுரைக்குள் வருகிறது.

ஆகவே இப்படி எழுதியிருந்தால் அன்றைக்கே பதில் போட்டிருப்பேன்:

"தலவாக்கலையிலிருந்து எழுதுகிறேன். என் மகன் கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிறான். அறையில் சமைக்க வசதி இல்லாததால் மாசிச் சம்பல் செய்து கொடுத்துவிட்டேன். அவனோடு இருக்கும் பிள்ளைகளின் அம்மாமார் கேட்டு, அதுவே தொழிலாகிவிட்டது. பஸ்ஸில் எண்ணெய் கசியாமலும் கொழும்புச் சூட்டில் கெடாமலும் இருப்பதற்காக ஊர் வழக்கத்தைவிட வேறு விதமாகச் செய்கிறேன். வாரத்துக்கு நாற்பது போத்தல் செய்ய முடியும். காலை பத்து மணிக்குப் பிறகு அழைக்கலாம்."

இவ்வளவுதான். கவனித்தீர்களா, இதில் தரம் என்ற சொல்லே இல்லை. வாரத்துக்கு நாற்பது போத்தல் என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கட்டுரை வந்த வாரத்தில் இருநூறு பேர் கேட்டு, நாற்பது பேருக்குக் கொடுத்து, மற்றவர்களிடம் "இல்லை" என்று சொன்னால் அந்த நூற்று அறுபது பேரும் என்னைத்தான் ஏசுவார்கள்.

இன்னொன்று. எழுத வருவதற்கு முன்பு போத்தலைத் திருப்பிப் பார்ப்பேன். நீங்கள் அனுப்பியதில் ஒரு ரோஜாப்பூப் படமும் உங்கள் தொலைபேசி இலக்கமும் மட்டும்தான் இருந்தன. நம் நாட்டு உணவுச் சட்டம் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கம். அதன் கீழ் வந்த லேபல் விதிகளின்படி பொருளின் பெயர், சேர்மானங்கள் (அளவில் கூடியது முதலில்), நிகர நிறை, செய்த திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், செய்தவரின் பெயர், முகவரி இவை வேண்டும். உங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களே போய்ப் பாருங்கள். இதழில் படம் பார்த்துவிட்டு அவர் வருவதைவிட அது நல்லது. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம், தனிநபர் தொழிலுக்குக் கொம்பனியெல்லாம் தொடங்க வேண்டியதில்லை. எந்தெந்தப் பத்திரங்கள் வேண்டும் என்று கிராம சேவகரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். லேபல் ஒட்டியதும் ஒரு செய்தி போடுங்கள், வருகிறேன்.

கேள்வி: ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ஒரு சஞ்சிகையில் என் பேக்கரியைப் பற்றி இரண்டு பக்கக் "கட்டுரை" போடலாம், இருபத்தையாயிரம் ரூபா ஆகும், இன்றைக்கே முற்பணம் அனுப்புங்கள் என்கிறார். இப்படித்தான் எல்லா இடத்திலும் நடக்கிறதா?
- பண்டாரவளை

பதில்: காசு கொடுத்து வருவதற்குப் பெயர் விளம்பரம். அதில் தப்பொன்றும் இல்லை, நம் இதழும் விளம்பரத்தால்தான் அச்சுக்கூலி கட்டுகிறது. விளம்பரத்தைக் கட்டுரை மாதிரி எழுதினாலும் மேலே "விளம்பரம்" என்று போட வேண்டும். போடாமல் வாசகரை ஏமாற்றுகிற இடத்தில் உங்களையும் ஏமாற்றுவார்கள். இன்றைக்கே அனுப்பு என்கிறவரிடம் சஞ்சிகையின் கடைசி இதழ், நிறுவனத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, பற்றுச்சீட்டு மூன்றையும் கேளுங்கள். ஒருவரின் சொந்த இலக்கத்துக்கு "ஈஸி கேஷ்" அனுப்பச் சொன்னால் தொலைபேசியை வைத்துவிடுங்கள். அந்தக் காசுக்கு பண்டாரவளைச் சந்தை நாளில் சனத்துக்கு ஒரு துண்டு பணிஸ் சும்மா கொடுத்தாலும் உங்களுக்கு இலாபம்.

கேள்வி: நான் கவிதை எழுதுபவன். ஒரே கவிதையை நான்கு இதழ்களுக்கும் இரண்டு பத்திரிகைகளுக்கும் அனுப்பினேன். ஒன்றிலும் வரவில்லை. மலையக இளைஞர்களின் எழுத்துக்கு இடம் தருவோம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், செய்கிறார்கள் இல்லையே?
- பொகவந்தலாவை

பதில்: தம்பி, முதலில் எளிதான விஷயம். ஒன்றை ஓர் இடத்துக்கு அனுப்புங்கள். இரண்டு மாதம் பொறுத்துப் பதில் இல்லையென்றால் "வேறு இடத்துக்கு அனுப்புகிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அனுப்புங்கள். ஒரே கவிதை ஒரே ஞாயிற்றுக்கிழமை இரண்டு இடத்தில் வந்தால் இரண்டு ஆசிரியர்களும் உங்கள் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள், நல்ல விதமாக அல்ல.

இனிக் கஷ்டமான விஷயம். உங்கள் கவிதையில் அட்டை கடிக்கிறது, இரத்தம் வடிகிறது, அது தேநீரின் சாயமாகிறது. 2023இல் மலையகத் தமிழர் வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடைபயணம் போனார்களே, அந்த நாட்களில் எனக்கு வந்த கவிதைகளில் பாதிக்கு மேல் இதே அட்டை, இதே இரத்தம், இதே சாயம். நான் கொட்டகலைப் பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவள்தான். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் தடவிய கால்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. அது பொய்யென்று சொல்லவில்லை. ஆனால் அதை உங்களுக்கு முன்னால் ஒரு தலைமுறை நன்றாக எழுதிவிட்டது. நீங்கள் அவர்களுடைய அட்டையைத்தான் மறுபடி எழுதுகிறீர்கள், உங்கள் காலில் ஏறியதை அல்ல.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பந்தியில் இரண்டு வரி இருந்தது. தோட்டத்துக் கிரிக்கெட் அணிக்கு ஜெர்சி அச்சடிக்கக் காசு சேர்த்தீர்கள் என்றும், முதுகில் பெயர் போட வேண்டுமா, டிவிஷன் பெயர் போட வேண்டுமா என்று மேற்பிரிவுக்காரருக்கும் கீழ்ப்பிரிவுக்காரருக்கும் சண்டை வந்து ஒரு மாதம் விளையாட்டே நின்றுபோனது என்றும். அதை எழுதுங்கள், கவிதையாக வேண்டாம், உரைநடையில். அறுநூறிலிருந்து எண்ணூறு சொல். யார் என்ன சொன்னார்கள், ஜெர்சி என்ன நிறம், கடைசியில் என்ன அச்சானது. மலையகம் என்ற சொல்லே அதில் வராமல் எழுதிப் பாருங்கள். வாழ்வியல் இதழ் நடத்துகிற எங்களுக்கு இப்படிப்பட்ட எழுத்துக்குத்தான் பஞ்சம். கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்காரர், நோர்வூட்டில் கைபேசி திருத்துபவர், மாசி மாதம் காமன் கூத்தில் ரதியாக ஆடும் பையன், பிள்ளைக்காம்பிராவில் பிள்ளை பார்க்கும் அக்கா, இவர்களைப் பற்றி யாராவது எழுதி அனுப்ப மாட்டார்களா என்று ஒவ்வொரு மாதமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கவிதைதான் வருகிறது.

"பிரசுரித்தால் என் உரிமை போய்விடுமா" என்றும் கேட்டிருந்தீர்கள். போகாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. எங்கும் பதிய வேண்டியதில்லை. உங்கள் ஆயுட்காலமும் அதற்குப் பிறகு 70 வருடமும் அது நிற்கும். எங்களுக்கு ஒரு முறை பிரசுரிக்கத் தருகிறீர்கள், அவ்வளவுதான். பிறகு தொகுப்பில் போட்டுக்கொள்ளலாம். சன்மானம் உண்டா, எவ்வளவு என்று கேட்க வெட்கப்படவும் வேண்டாம். கேட்கிறவர்களை யாரும் தப்பாக நினைப்பதில்லை, நினைக்கிற இடத்துக்கு எழுதவும் வேண்டாம்.

கேள்வி: அப்புத்தளையில் எங்கள் வீட்டின் இரண்டு அறைகளை வெளிநாட்டுப் பயணிகளுக்கு விடுகிறோம். உங்கள் நிருபர் வந்து இலவசமாகத் தங்கி எழுதலாம். லிப்டன் சீட் காட்சி, ஒன்பது வளைவுப் பாலம், கொழுந்து பறிக்கும் பெண்கள் என்று அழகான படங்கள் நிறைய வைத்திருக்கிறோம்.
- அப்புத்தளை

பதில்: அழைப்புக்கு நன்றி. ஆனால் தங்கினால் கட்டணம் கட்டித்தான் தங்குவோம். எப்போதாவது விருந்தாளியாகத் தங்கினால் அதைக் கட்டுரையிலேயே சொல்லுவோம். இல்லாவிட்டால் சுடுதண்ணீர் வரவில்லை என்று எழுத எங்களுக்கு வாய் வராது.

படங்களைப் பற்றி. ஒன்பது வளைவுப் பாலம் உங்கள் வீட்டில் இல்லை, அது தெமோதரைப் பக்கம் இருக்கிறது. லிப்டன் சீட்டும் தம்பேதன்னையில், உங்கள் வாசலிலிருந்து முச்சக்கரவண்டி பிடித்துப் போக வேண்டும். லிப்டன் 1890இல் அங்கே தொழிற்சாலை கட்டியது, அடிஷம் பங்களா 1931இல் எழும்பியது எல்லாம் எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்கின்றன. உங்களிடம் மட்டும் இருப்பதைச் சொல்லுங்கள். அப்புத்தளை மலையின் இடுக்கில் உட்கார்ந்திருக்கிற ஊர். ஒரு பக்கம் நின்றால் தெற்கே சமவெளி விழுந்து கிடக்கும், மறுபக்கம் திரும்பினால் ஊவா மலைகள். உங்கள் அறையிலிருந்து எந்தப் பக்கம் தெரிகிறது? காலையில் எத்தனை மணிக்கு மூட்டம் ஏறி எல்லாவற்றையும் மூடுகிறது? கோயில் ஒலிபெருக்கி ஐந்து மணிக்கே பாடத் தொடங்குமா? தொடங்கும் என்றால் அதையும் சொல்லுங்கள், பயணி பிறகு வந்து முறைப்பாடு செய்ய மாட்டார். அடைமழை மாதங்களில் வீதியில் மண் சரிந்தால் மாற்று வழி எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், அது காட்சியைவிடப் பெறுமதியான தகவல். காலைச் சாப்பாட்டுக்கு என்ன கொடுக்கிறீர்கள்? பாணும் ஜேமும் என்றால் எழுத ஒன்றுமில்லை. உங்கள் வீட்டில் உங்களுக்குச் சுடுகிற அதே ரொட்டியும் சம்பலும் என்றால் நான் பென்சிலை எடுத்துவிடுவேன். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் வீட்டுத் தங்குமிடமாகப் பதிந்திருக்கிறீர்களா என்பதையும் எழுதுங்கள்.

கொழுந்து பறிக்கும் பெண்கள் படத்தை மட்டும் நான் போட மாட்டேன். அந்தப் படத்தில் கூடையோடு சிரிக்கிற மூன்று பேரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? படம் எடுக்கலாமா என்று கேட்டீர்களா? வெள்ளைக்காரர் காலத்துத் தபால் அட்டையிலிருந்து இன்றைய பயண விளம்பரம் வரைக்கும் எங்கள் பாட்டிமாரும் அம்மாமாரும் பெயரில்லாமல் நின்றது போதும். அவர்களிடம் கேட்டு, பெயரும் தோட்டமும் எழுதி, அச்சானதும் ஆளுக்கொரு பிரதி கொடுப்பதென்றால் போடலாம். உங்கள் இரண்டு அறைக்கு அவர்கள் எதற்கு என்பது வேறு கேள்வி.

கேள்வி: படங்கள் தெளிவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். என் கைபேசியில் பளிச்சென்று தெரிகிறதே?
- கண்டி

பதில்: கைபேசித் திரையில் தெரியும், தாளில் தெரியாது. முழுப்பக்கத்துக்கு ஏறக்குறைய 2500க்கு 3500 பிக்சல் வேண்டும். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். ஆகவே "டொக்யூமெண்ட்" ஆக இணைத்து அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில் போடுங்கள். ஃபில்டர் வேண்டாம். மிளகாய்த்தூள் ஊதா நிறத்தில் வந்தால் யார் வாங்குவார்கள்? பகலில் வாசலுக்குக் கொண்டுவந்து எடுங்கள், மூட்டமான நாள் என்றால் இன்னும் நல்லது, நிழல் விழாது.

கேள்வி: எனக்குப் பதுளைப் பக்கம் கொஞ்சம் தேயிலைக் காணி இருக்கிறது. கையாலேயே தேயிலை செய்து பெக்கட் பண்ணுகிறேன். இரண்டு பெக்கட் அனுப்பியிருக்கிறேன். நீரிழிவு, கொலஸ்ட்ரோல் இரண்டையும் குணப்படுத்தும் என்பதைக் கட்டாயம் எழுதவும்.
- பதுளை

பதில்: தேயிலை நன்றாக இருக்கிறது அண்ணன், அலுவலகத்தில் எல்லாரும் குடித்தோம். ஆனால் பெக்கட்டில் இரண்டு சிக்கல். குணப்படுத்தும் என்பதை நான் எழுத மாட்டேன், நீங்களும் பெக்கட்டில் இருந்து எடுத்துவிடுங்கள். உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்கச் சட்டம் இடம் தருவதில்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிற ஒரு தாத்தா எங்கேயாவது இருப்பார். அடுத்தது, வாளேந்திய சிங்கம். அந்தச் சின்னம் இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமானது. முழுக்க இலங்கைத் தேயிலையாக, இலங்கையிலேயே பொதி செய்ததாக, தரம் பார்த்து அனுமதி பெற்றதாக இருந்தால்தான் போடலாம். இணையத்தில் இருந்து இறக்கி ஒட்ட முடியாது. தேயிலைச் சபையில் உங்கள் பதிவையும் ஒரே தடவையில் விசாரித்துச் சரிசெய்துகொள்ளுங்கள். அதுவரைக்கும் கட்டுரை பொறுக்கட்டும்.

கட்டுரைக்கு உங்களிடம் சரக்கு இல்லாமல் இல்லை. கடிதத்தில் முக்கால் பக்கம் 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டதை எழுதியிருக்கிறீர்கள். அந்த 19 ஏக்கரை ஊரே அறியும். உங்கள் காணி எத்தனை பேர்ச் என்று எங்கேயும் இல்லை! ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயர் இருப்பது ஜூலை முதல் செப்டெம்பர் வரைக்குமான கச்சான் காற்றால், அதாவது தென்மேற்குப் பருவக்காற்றால்தான். அது மலைக்கு மேற்கே மழையைக் கொட்டிவிட்டு வறண்டு போய் உங்கள் பக்கம் இறங்குகிறது, கொழுந்து மெதுவாக வளர்கிறது, மணம் ஏறுகிறது. அந்தக் காற்று அடிக்கத் தொடங்கியது உங்களுக்கு எப்படித் தெரியும்? தகரம் ஆடுமா, தொண்டை காயுமா? அந்த மாதத்தில் பறித்த கொழுந்தைக் கையால் கசக்கும்போது என்ன வித்தியாசம்? இலை வாடுவதற்கு எங்கே விரிக்கிறீர்கள், கட்டிலிலா? நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு இன்றைக்குச் சிறு காணிக்காரரிடமிருந்துதான் வருகிறது, அதிலும் பெரும்பாலானவர்கள் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம். ஊவாவில் இருந்து ஒருவர் தன் காணியைப் பற்றிப் பேசுவதை நான் கேட்க வேண்டும். காற்றோடு சேர்த்து ஆகஸ்ட் இதழில் போட வேண்டுமென்றால் மே மாதமே கதைக்க வேண்டும்.

கேள்வி: தீபாவளி இதழில் என் சாரி ஜாக்கெட் ஆரி வேலை வர வேண்டும். எப்போது அனுப்பலாம்?
- நுவரெலியா

பதில்: ஆகஸ்டில். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் அனுப்புகிறவர்கள்தான் அதிகம், அப்போது இதழ் அச்சகத்தில் இருக்கும். பொங்கலுக்கு ஒக்டோபர், சித்திரைப் புத்தாண்டுக்கும் உங்கள் ஊர் ஏப்ரல் சீசனுக்கும் ஜனவரி, சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்குவதால் மலையடிவாரக் கடைக்காரர்கள் செப்டெம்பரில் அனுப்பினால் நல்லது. தீபாவளி முற்பணம் கையில் வரும்போதுதான் தோட்டத்தில் துணி வாங்குவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தைக்கிறவரைத் தேடுவது அதற்கும் முன்னால் அல்லவா.

கேள்வி: வீட்டில் கேக் செய்து விற்கிறேன். உங்கள் இதழில் வர ஆசை. ஆனால் படம் பேப்பரில் வருவது என் வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் பிடிக்கவில்லை. என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், மஸ்கெலியா

பதில்: முகம் இல்லாமல் கட்டுரை போடலாம் தங்கச்சி. மாவு பிசைகிற கை, ஐசிங் போடுகிற கை, அடுப்படி ஜன்னல், கேக் பெட்டியை முச்சக்கரவண்டியில் எப்படி ஏற்றுகிறீர்கள் என்பது, இவையெல்லாம் முகத்தைவிட நல்ல படங்கள். மேடு பள்ளமான தோட்டப் பாதையில் மூன்று தட்டுக் கேக் உடையாமல் போய்ச் சேருவதே ஒரு கட்டுரைக்குப் போதும்.

ஆனால் உங்கள் பெயர் வர வேண்டும். "இன்னாரின் மனைவி" என்று நான் போட மாட்டேன். 1940ஆம் ஆண்டளவிலேயே மீனாட்சி அம்மாள் தன் பெயரைப் போட்டுப் பாட்டுப் புத்தகம் அச்சிட்டு, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடியிருக்கிறார். அவருடைய வீட்டுக்காரர் கோ. நடேசய்யர் பத்திரிகைக்காரர், தொழிற்சங்கத் தலைவர். மீனாட்சி அம்மாள் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒளியவில்லை. இதை மாமியாரிடம் வாசித்துக் காட்டச் சொல்லவில்லை, அது சண்டையில் முடியும். அவருடைய கையால் செய்த ஏதாவது ஒன்றையும் கட்டுரையில் சேர்க்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். பலகாரம், அதிரசம், எதுவானாலும். பெயரோடு போடுகிறேன். பல வீடுகளில் அப்போது கதவு திறந்திருக்கிறது.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர். கணினி தெரியாது. கையெழுத்தில் அனுப்பினால் ஏற்பீர்களா?
- மாத்தளை

பதில்: சந்தோஷமாக, சேர். ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் போடுங்கள். உண்மையில் உங்கள் கையெழுத்து, சிலர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வட்ஸ்அப்பில் ஒட்டி அனுப்புவதைவிட ஆயிரம் மடங்கு மேல். அது என் திரையில் புள்ளியும் கோடுமாய் ஆங்கில எழுத்தாய் வந்து நிற்கும். தட்டச்சுச் செய்பவர்களுக்கு: யூனிகோட், யூனிகோட், யூனிகோட்.

கேள்வி: உங்கள் இதழில் உங்கள் சொந்தக்காரர்களின் கடைகள்தான் வருகின்றன என்று அட்டன் பஸ் நிலையத்தில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா?
- அட்டன்

பதில்: அந்தக் கோபமான தொலைபேசி அழைப்பும் உங்களுடையதுதான் என்று நினைக்கிறேன், குரல் போலவே கையெழுத்தும் இருக்கிறது. பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் மேலே என் பெரியம்மா மகனுக்கு ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. அவருடைய மாலு பணிஸ் (மீன் பணிஸ்) அட்டனிலேயே முதல்தரம், யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். நான் இந்த மேசைக்கு வந்த நாளிலிருந்து அது எங்கள் பக்கத்தில் வந்ததில்லை. அண்ணன் இப்போது கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விடுகிறார். பெரியம்மா மட்டும் பேசுவார், பேசும்போதும் இதைத்தான் கேட்பார். நீங்கள் ஒரு நாள் அந்தக் கடைக்குப் போய், சாப்பிட்டுப் பார்த்து, காசு கட்டி, பற்றுச்சீட்டோடு எண்ணூறு சொல்லில் எழுதி அனுப்புங்களேன். உங்கள் பெயரில் போடுகிறேன், சன்மானமும் உண்டு. எனக்கும் வீட்டில் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும்.